நாலாம் நிலைத் தலைப்பு

புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தலைப்பு வைக்கிற ஆசை கொஞ்சம் அதிகம். ஒரு பத்தி எழுதினால் அதற்கு ஒரு தலைப்பு, அதற்குள் ஒரு உபதலைப்பு, அதற்குள்ளே தடித்த எழுத்தில் இன்னொன்று. எழுதும்போது அவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அதை உள்ளங்கை அகலத் திரையில் படிக்கிறவர்கள் படுகிற பாட்டை யாரும் நினைப்பதில்லை. நான் நினைத்தேன். என் வேலையே அதுதான்.

முதலில் உன் வேலை என்னவென்று புரிகிற மாதிரி சொல் என்றீர்கள். சொல்கிறேன். எழுத்தாளர் டைப் செய்து கொடுப்பதை ஒரு மெஷின் மின்னூலாக மாற்றித் தரும். மாற்றும் என்பது பேச்சுக்கு. ஒவ்வொரு தலைப்புக்கும் ஏழெட்டுச் சட்டை மாட்டிவிடும். நிறத்துக்கு ஒன்று, எழுத்தின் பருமனுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இரண்டு மூன்று. நான் அதையெல்லாம் கழற்றிவிட்டு, இது முதல் நிலைத் தலைப்பு, இது இரண்டாம் நிலை என்று ஒரே ஒரு குறியை மட்டும் விட்டுவைப்பேன். அந்தக் குறிகளை வைத்துத்தான் பொருளடக்கம் உருவாகும். காகிதப் புத்தகத்தில் பொருளடக்கம் சும்மா முன்னால் இருக்கிற ஒரு பக்கம். மின்னூலில் அப்படி இல்லை. ஒரு வரியைத் தொட்டால் நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஒவ்வொரு தலைப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியை எடுத்துவிட்டால், வரி எங்கேயும் போகாமல் நிற்கும். அல்லது நாம் எங்கே அனுப்புகிறோமோ அங்கே போகும்.

எங்கள் ஆபீசில் பொருளடக்கத்துக்கு இரண்டு நிலைதான் என்று ஒரு விதி. முதலாளி போட்டது. நாங்கள் அவரை சார் என்போம். மருத்துவப் புத்தகத்துக்கும் சட்டப் புத்தகத்துக்கும் மட்டும் நான்கு நிலை வரை போகலாம். எனக்கு அந்த இரண்டு நிலை விதி ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரி கழுவுகிற இடத்தில் வேலை பார்த்தார். எந்தக் காகிதம் வந்தாலும் என் முன்னால் நீட்டி, "இதுல எது முக்கியமோ அத மட்டும் சொல்லு" என்பார். மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பரிதாபம் எனக்கு எதற்கு. தேவையில்லாததைக் கழற்றுகிற பழக்கம் எனக்குப் படித்து வந்ததில்லை என்று தெரியத்தான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆபீசில் செக்கிங் வேலை அவருடையது. நான் முடித்த புத்தகம் அவரிடம் போகும். பொருளடக்கத்தில் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, சரியான தலைப்பில் போய் இறங்குகிறதா என்று பார்ப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டார், அதற்கு நேரமும் கிடையாது. ஒரு வரியைத் தொட்டு, இறங்கி, திரும்பி வந்து, "சரி" என்று வாய்க்குள் சொல்வார். எதிர் மேஜையில் எனக்கு நாள் முழுக்க அதுதான் கேட்கும். சரி. சரி. சரி. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் அது கேட்காத நாளில் எனக்கு வேலை ஓடாது.

நான் சேர்ந்த புதிதில் அங்கே என்னை மனுஷியாகப் பார்த்தது அவர் ஒருத்தர்தான். அட்டை வரைகிற ஒருத்தன் இருந்தான், அவனை எல்லாரும் கவர் என்றே கூப்பிடுவோம். நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, உங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான் ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவீங்களா, இல்ல நீ மட்டும்தானா என்றான். பிழை திருத்துகிறவன் குனிந்துகொண்டு சிரித்தான். அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ பேசறது உனக்குக் கேக்குதுல்ல, அந்த மட்டும் சந்தோஷப்படு. நீ போடற அட்டையில எழுத்து இருக்கறதே எனக்குக் கண்ணுக்குத் தெரியல."

அன்றைக்கு மதியம் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிவைத்தார். அதற்கப்புறம் நாங்கள் தனித்தனியாகச் சாப்பிட்டதே இல்லை.

அவருடைய வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் அக்காவும் குட்டியும்தான். குட்டி என்பது அவருடைய பெண் குழந்தை. வேறு பெயர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. லீவு நாளில் நான் அங்கேதான் இருப்பேன். அக்கா துணி துவைக்கும்போது குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன ஹாலில் நடப்பேன். சித்தி என்று சொல்லச் சொல்லி அக்கா பழக்கிக்கொடுத்தார். அதற்கு முழுசாக வரவில்லை. "த்தி" என்று மட்டும் சொல்லும். சொல்லிவிட்டு என் மூக்கைப் பிடிக்கும்.

நீங்கள் இதை ஏன் எழுதிக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதுவும் முக்கியம்தான். எனக்கு அவர்கள் மேல் வெறுப்பு இருந்தது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது.

ஆபீசில் பொறுப்பாளர் இடம் ஒன்று காலியானது. எனக்குத்தான் கிடைக்கும் என்று இருந்தேன். மெஷின் விட்ட குப்பையை என்னளவு சீக்கிரம் அள்ளுகிறவர்கள் அங்கே யாரும் இல்லை. சார் அறைக்குக் கண்ணாடித் தடுப்புதான். தண்ணீர் பிடிக்கப் போனபோது அக்கா உள்ளே பேசுவது கேட்டது.

"அவ வேகமா செய்வா சார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பொறுப்புக் குடுக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்."

பாட்டில் நிரம்பி வழிந்து கால் நனைந்தது. வேறொன்றும் ஆகவில்லை. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்பதைக் கேட்டுக் கேட்டே எங்கள் வீட்டில் ஆட்கள் கிழவர்களாகிப் போனார்கள். அதை யாரிடமிருந்து வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்து வழக்கம்போல டிபன் பாக்ஸைத் தள்ளினார். சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது.

அந்தச் சமயம் கையில் இருந்தது குழந்தை மருத்துவர் ஒருவரின் புத்தகம். வீட்டில் குழந்தைக்கு என்ன ஆனால் என்ன செய்வது என்று தாய்மார்களுக்காக எழுதியது. நல்ல புத்தகம், பொய் சொல்லக் கூடாது. நான்கு நிலைத் தலைப்பு. அதில் குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் என்று ஒரு அத்தியாயம். அதற்குள் சிறு பொருள்கள் என்று ஒரு மூன்றாம் நிலைத் தலைப்பு. அதற்குக் கீழே நாலாம் நிலையில் இரண்டு. ஒன்று, நாணயம், மணி, பொத்தான். இன்னொன்று, வட்டப் பேட்டரி. ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்குமே, காசு மாதிரி, அது.

முதல் பகுதி சொல்வது, குழந்தை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, விழுங்குவதிலும் கஷ்டமில்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும், கவனித்துக்கொண்டிருங்கள் என்று. இரண்டாவது பகுதி சொல்வது அதற்கு நேர் எதிர். குழந்தை சிரித்துக்கொண்டு இருந்தாலும் காத்திருக்காதீர்கள், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது உள்ளே அரித்துவிடும் என்று. அந்த மருத்துவர் இந்த ஒரு இடத்துக்காகவே ஆபீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். பேட்டரி தனித் தலைப்பாகப் பொருளடக்கத்தில் தெரிய வேண்டும், ஒரு அம்மா பதற்றத்தில் தேடும்போது ஒரே தட்டில் அங்கே போக வேண்டும் என்றார். போனை எடுத்தது நான்தான். அதனால் அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்கு, தெரியும்.

நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்து கொடுத்தேன். அக்கா செக் செய்தார். அந்த அத்தியாயத்துக்கு அவர் சொன்ன சரிகளை எதிரில் உட்கார்ந்து கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி, மின்னூல் விற்கிற இணையக் கடைக்கு அனுப்புவதற்காக என்னிடம் திரும்பி வந்தது. செக்கிங் முடிந்த ஃபைலை யாரும் திறக்கக் கூடாது என்பது ஆபீசில் எழுதாத சட்டம்.

திறந்தேன். அந்த இரண்டு நாலாம் நிலைத் தலைப்புகளின் குறியையும் முகவரியையும் எடுத்துவிட்டு, அவற்றைப் பத்தியோடு கலந்த சாதாரண வரிகளாக்கினேன். பொருளடக்கத்தில் அவை இரண்டும் அப்படியே இருந்தன. எதைத் தொட்டாலும் சிறு பொருள்கள் என்ற தலைப்பில் போய் இறங்கும்படி மாற்றினேன். இறங்கினதும் கண்ணில் படுவது பயப்பட வேண்டாம் என்கிற பத்தி. பேட்டரிப் பத்தி அதற்கும் கீழே, திரையை இன்னும் இரண்டு தடவை தள்ளினால் வரும். ஒரு எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எல்லாம் இருந்தது. எளிமையாக்கினேன், அவ்வளவுதான்.

என் கணக்கு இதுதான். மருத்துவர் புத்தகம் வெளியானதும் முதலில் அந்த வரியைத்தான் தொட்டுப் பார்ப்பார். ஆபீசுக்குப் போன் செய்து கத்துவார். செக் செய்தது யார் என்று சார் கேட்பார். பொறுப்பு என்றால் என்னவென்று அக்காவுக்கும் கொஞ்சம் புரியும். அதோடு ஃபைலைச் சரிசெய்துவிடலாம். சமையல் புத்தகத்தில் லிங்க் தப்பாகப் போனால் யார் கேட்கப்போகிறார்கள். யாராவது கேட்கிற இடமாக இருக்க வேண்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

மருத்துவர் போன் செய்யவில்லை. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவு கவனமாகச் செய்து கொடுத்ததற்கு நன்றி என்று அக்காவுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தார். அக்கா அதை எனக்குக் காட்டினார். இதுல பாதி உனக்குத்தான் என்றார்.

சரிசெய்திருக்கலாமே என்பீர்கள். கடைக்குப் போன ஃபைலைத் திரும்ப எடுத்தால் ஏன் என்று சாருக்குச் சொல்ல வேண்டும். தவிர, தினமும் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு நாள் அக்கா தன் கைப்பேசியை என் மேஜையில் வைத்தார். குட்டி இப்போது கையில் கிடைக்கிறதையெல்லாம் வாயில் வைக்கிறது, அந்த டாக்டர் புத்தகத்தை இதில் ஏற்றிக்கொடு, வீட்டுக்காரரும் ஊரில் இல்லை, எனக்குத் துணைக்கு இருக்கட்டும் என்றார். ஏற்றிக்கொண்டிருந்தபோது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பொறுப்பாளர் வேலைய இப்ப உனக்குக் குடுக்க வேணாம்னு நான்தான் சார்கிட்ட சொன்னேன். கோவிச்சுக்காத. அந்தக் கவரும் பிழை திருத்தறவனும் உன்னைப் பச்சையா தின்னுடுவானுங்க. முதல்ல என் செக்கிங் வேலைய உனக்குக் கத்துக்குடுத்துடறேன். அப்புறம் நீ மேல போனா ஒருத்தனும் வாயத் திறக்க முடியாது. சார் சரின்னுட்டார்."

நான் தலையாட்டினேன். திரையில் புத்தகம் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் நிறுத்திக் கேட்டீர்கள். கெடுக்காத ஃபைல் உன்னிடம் இருந்ததா என்று. இருந்தது. என் மெஷினிலேயே, அதாவது என் கம்ப்யூட்டரில், திரையின் முகப்பிலேயே இருந்தது. அதை ஏற்றியிருக்கலாம். ஆனால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இருக்கிற புத்தகத்தை விட்டுவிட்டு ஏன் உன் மெஷினில் இருந்து எடுக்கிறாய் என்று கேட்பார். அவர் அப்படிப்பட்ட ஆள், எதையும் விடமாட்டார். இப்போதுதான் என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கைப்பேசியைக் கொடுத்தேன். அவர் பொருளடக்கத்தைத் திறந்து பார்த்து, சின்னத் திரையிலும் அழகாகத்தான் வந்திருக்கிறது என்றார்.

அந்த நாளைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. அக்கா லீவில் இருந்தார். குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது என்று. நான் ஆபீசில் இருந்தேன். காலை டீ வந்து போன பிறகு அவருடைய போன் வந்தது. பதற்றமாக இல்லை. பதற்றத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிற குரல்.

"விளக்கு ரிமோட் பின்னாடி மூடி கழண்டு கிடக்கு, உள்ள இருந்த பேட்டரியக் காணோம். குட்டி முழுங்கிட்டாளோன்னு இருக்கு. ஆனா சிரிச்சிக்கிட்டுதான் இருக்கா, தண்ணி குடுத்தேன், குடிச்சா. புத்தகத்துல பேட்டரிய தட்டிப் பாத்தேன். பயப்பட வேணாம், தானா வந்துடும்னு இருக்கு. நானே செக் பண்ணதுதான், இருந்தாலும் மனசு கேக்கல. நீ உன் மெஷின்ல ஒரு தடவ பாத்துச் சொல்லிடேன்."

இருங்கக்கா என்றேன். ஃபைலைத் திறந்தேன். முகப்பில் இருந்ததை, நல்லதை. பேட்டரியைத் தொட்டேன். சரியாக அங்கே போய் இறங்கியது. காத்திருக்காதீர்கள் என்று முதல் வரியிலேயே இருந்தது. முழுவதையும் படித்தேன். போனில் குட்டியின் சத்தம் கேட்டது. அது ரிமோட்டைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது போல.

இப்போது நான் ஓடுங்கக்கா என்று சொன்னால், என் புத்தகத்தில் வேற மாதிரி இருக்கே என்பார். இரண்டும் எப்படி வேறாகும் என்று கேட்பார். ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. குழந்தை சிரித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று தோன்றியது.

"ஆமாக்கா, அதேதான் போட்டிருக்கு."

அப்பாடா என்றார். குட்டியிடம், பாத்தியா, சித்தி சொல்லிட்டா, ஒண்ணும் இல்லயாம் என்றார். வைத்துவிட்டார்.

வைத்ததும் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. முதல் வேலையாகக் கடையில் இருக்கிற ஃபைலை எடுத்துவிட்டு நல்ல ஃபைலை ஏற்றினேன். அக்கா கைப்பேசியில் ஏற்கெனவே இறக்கியது மட்டும் அப்படியேதான் இருக்கும். வேறு எந்தக் குழந்தைக்கும் இப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் நம்பவில்லை என்று தெரிகிறது. நான் அதை ஏற்றிய நேரம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அதை முடித்துவிட்டு அக்காவைக் கூப்பிடலாம், டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் சார் ஒரு அவசரப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். தலைப்பெல்லாம் குப்பையாகக் கிடந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். வேலை செய்யும்போது எனக்கு மனசு ஒரு மாதிரி அடங்கிவிடும்.

சாயங்காலம் அக்கா பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். குட்டி எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டது, அப்புறம் ரத்தமாக வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அக்கா தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய தோளில் ஒரு பக்கம் முழுக்க ஈரம். டாக்டர் வெளியே வந்து, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நான்தான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் சாய்ந்த அந்தக் கனம் எனக்கு இன்னும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த நாள் குட்டி இல்லை.

அதற்குப் பிறகு தினமும் போனேன். சோறு வடித்து வைத்தேன். ஊட்டினால்தான் சாப்பிட்டார். தலை வாரிவிட்டேன். சின்னச் சின்னத் துணிகளை மடித்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையசைப்பார். கொடியிலேயே கிடந்தன. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைப்பேசியையே வைத்துக்கொண்டிருப்பார். குட்டியின் படம் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்து, பொருளடக்கத்தில் பேட்டரி என்ற வரியைத் தொடுவார். இறங்கும். திரும்பி வருவார். மறுபடியும் தொடுவார். ஒரு தடவையாவது வேறு இடத்துக்குப் போய்விடாதா என்கிற மாதிரி. உதடு அசையும், சத்தம் வராது.

ஒரு தடவை என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் செக் பண்ணப்பவும் இது இப்படித்தான் இருந்துச்சா? நான் இதத் தட்டினேன்னு எனக்கு ஞாபகம் இருக்கே. எப்படி விட்டேன்?"

இதற்கு நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு இது தெரிய வாய்ப்பும் இல்லை, அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நானாகவே சொல்கிறேன்.

"இப்படித்தான்கா இருந்துச்சு. நீங்க சரின்னு சொன்னதுகூட எனக்குக் கேட்டுச்சு. விடுங்க, தப்பு யாருக்குத்தான் வராது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ இல்லன்னா நான் என்ன ஆவேன் என்றார். அப்புறம்தான் அழுதார். அதுவரை அழவே இல்லை. அழுதால் பாரம் குறையும் என்பார்கள், அதனால் நான் தடுக்கவில்லை. அன்றைக்கு நானும் அழுதேன், என் அழுகை பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மூக்கைப் பிடிக்கிற விரல்கள் எனக்கும் இல்லாமல் போய்விட்டன. எனக்கும் அது பிள்ளைதான்.

வேலையை அக்கா விட்டுவிட்டார். இனிமேல் எதையும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது என்று சாரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருக்கும். அவருடைய வீட்டுக்காரர் கப்பலில் இருந்து இறங்கி வர நாளாகிவிட்டது. வருகிற வழியில், மனைவி போனில் சொல்லிச் சொல்லி அழுத அந்தப் பக்கத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தைத் தன் கைப்பேசியில் வாங்கியிருக்கிறார். தொட்டிருக்கிறார். நேராகப் பேட்டரியில் இறங்கியிருக்கிறது. காத்திருக்காதீர்கள். பாவம் அந்த மனுஷன், அவள்தான் படிக்கத் தெரியாமல் படித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே வீடு வரை வந்தாராம். அப்புறம் இரண்டு கைப்பேசியையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் அப்போது அவர்கள் சமையலறையில்தான் இருந்தேன், டீ போட்டுக்கொண்டு. டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை, இரண்டு திரையையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தார்.

அவர் போலீசில் புகார் கொடுத்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். எல்லாத் தேதியும் நேரமும் மெஷினில் இருந்து எடுத்துவிட்டீர்கள், அதனால் நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். தலைப்பைக் கெடுத்தது நான். தெரிந்தே கெடுத்தேன். தெரிந்தே அக்காவின் கைப்பேசியில் ஏற்றினேன். அன்றைக்குக் காலையில் உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான், அக்கா இல்லை. நீங்கள் எந்த வார்த்தையைப் போட்டு எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் அக்காவைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அந்தப் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா சார், அவ என் தங்கச்சி மாதிரி, மெஷின்தான் ஏதோ பண்ணியிருக்கும் என்று உங்களிடம் சண்டை போட்டதாகவும் சொன்னீர்கள். அவர் அப்படித்தான். யாரைப் பற்றியும் தப்பாக நினைக்க வராது.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். அவரிடம் இதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். முரட்டுத்தனமாகச் சொல்லிவிடுவீர்கள், அவர் தாங்க மாட்டார். என்னை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, புரிகிற மாதிரி நானே சொல்கிறேன். கொஞ்ச நேரம் கோபப்படுவார், அப்புறம் சரியாகிவிடுவார். வீட்டுக்காரர் எப்படியும் மறுபடி கப்பலுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் அக்காவுக்கென்று இருக்கப்போவது நான் ஒருத்திதான்.